புரொப்பேன் முதல் மின்கார் வரை: ஒன்ராறியோவின் சலுகைக் கணக்கு

சென்ற மாதம் எமது வானொலியில், மாற்று எரிபொருள் வாகனங்களுக்கு அரசுகள் கொடுத்த சலுகைகள் பற்றி இருபது நிமிடம் பேசினேன். பேச்சு முடிந்ததும் வந்த தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் கேட்டன: "கரண்ட் கார் வாங்கினால் எவ்வளவு திரும்பி வரும்?" இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லலாம். ஆனால் அந்தப் பதில் அடுத்த வரவு செலவுத் திட்டத்தோடு பிழையாகிவிடக் கூடும். ஏன் அப்படி ஆகிறது, அதனால் இலாபம் அடைந்தவர் யார், நட்டப்பட்டவர் யார் என்பதைத்தான் நான் விளக்க முயன்றேன். நேரம் போதாமல் விடுபட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் பொறியியலாளன் அல்லன். வர்த்தகம் படித்து, மற்றவர்களுடைய கணக்குகளைப் பார்த்துப் பிழைப்பவன். ஆகவே இயந்திரம் எப்படி ஓடுகிறது என்பதைவிட, பணம் எந்தப் பையிலிருந்து எந்தப் பைக்குப் போனது என்பதே இக்கட்டுரையில் கூடுதலாக இருக்கும்.

கதை 1980இல் தொடங்குகிறது. 1973இலும் 1979இலும் உலகச் சந்தையில் எண்ணெய் விலை எகிறியதைத் தொடர்ந்து, பியர் ட்ரூடோவின் அரசு 1980 ஒக்ரோபர் 28ஆம் திகதி தேசிய எரிசக்தித் திட்டத்தை அறிவித்தது. அப்போது எரிசக்தி அமைச்சர் மார்க் லலோண்ட். அல்பேர்ட்டாவில் அந்தத் திட்டத்தின் பெயரைச் சொன்னாலே இன்றும் முகம் சுழிப்பார்கள். அது வேறு கதை. நமக்கு வேண்டியது அதன் ஒரு சிறு பகுதி. வீடுகளில் எண்ணெய் அடுப்பைக் கைவிட்டு வேறு எரிபொருளுக்கு மாறுவோருக்கு மானியம் கொடுத்ததைப் போலவே, வாகனத்தைப் புரொப்பேன் வாயுவுக்கு மாற்றுவோருக்கும் 400 டொலர் வரை கொடுத்தார்கள். புரொப்பேன் கனடாவிலேயே தாராளமாகக் கிடைத்தது. அதற்கான வரியும் குறைவு. ஒன்ராறியோவில் 1992இலிருந்து நீண்ட காலம் பெற்றோல் லீற்றருக்கு 14.7 சதம் மாகாண வரி இருந்தபோது, புரொப்பேனுக்கு 4.3 சதம்தான். வாகனத்தில் நிரப்பும் இயற்கை எரிவாயுவுக்கு வரியே இல்லை.

நாள் முழுவதும் ஓடுகின்ற வாகனத்துக்குத்தான் இந்தக் கணக்குச் சரிவரும். ஆகவே ரொறன்ரோவின் ரக்சிகளும் விநியோக வான்களும் முதலில் மாறின. எண்பதுகளில் இங்கு வந்து ரக்சி ஓட்டிய நம்மவர் சிலர், பின் பெட்டியில் பாதியை அடைத்துக்கொண்டு கிடந்த அந்தச் சிலிண்டரை இன்னும் மறக்கவில்லை. விமான நிலையத்துக்குப் போகும் பயணியின் மூன்றாவது சூட்கேஸை முன் இருக்கையில் வைக்க வேண்டியிருக்குமாம்.

ஆனால் 1984இல் ஆட்சி மாறியது. 1985இல் பிரையன் மல்ரோனியின் அரசு தேசிய எரிசக்தித் திட்டத்தின் பெரும்பகுதியைக் கலைத்துவிட்டது. எண்ணெய் விலையும் 1986இல் சரிந்தது. புதிய கார்களில் கார்புரேற்றர் போய்க் கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் தெளிப்பு முறை வந்தபின், பழையபடி மலிவாகப் புரொப்பேனுக்கு மாற்றுவதும் முடியாமற் போயிற்று. நிரப்பு நிலையங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. எஞ்சியவற்றில் ஒன்றான டவுன்ஸ்வியூப் பகுதியின் சன்றைஸ் புரொப்பேன் நிலையம் 2008 ஓகஸ்ட் 10ஆம் திகதி அதிகாலையில் வெடித்தபோது, அயலில் ஆயிரக்கணக்கானோர் உடுத்த உடையோடு வீட்டை விட்டு ஓடவேண்டி வந்தது. அங்கு பணியில் இருந்த ஓர் இளைஞர் இறந்தார். அதன்பின் புரொப்பேன் என்ற சொல்லை எரிபொருள் சிக்கனத்தோடு சேர்த்து யாரும் பேசிக் கேட்டதில்லை.

மாற்று எரிபொருளுக்கு மக்களைத் தள்ளுவதற்கு மானியம் மட்டும்தான் வழி என்றில்லை. தடையும் ஒரு வழி. 1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்ட பின், பெற்றோல் மருந்துபோல ஆயிற்று. பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல். இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய். பின்னால் சைக்கிளில் போனவர்களுக்கு அந்தப் புகை நினைவிருக்கும். பற்றறியும் தடைப்பட்டியலில் இருந்ததால், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். வானொலி நடத்தும் நாங்கள் அதை மறக்கலாமா? அந்த மாற்றத்தை எந்த அரசும் ஊக்குவிக்கவில்லை; எங்கள் மெக்கானிக்மார் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். பெற்றோல் தட்டுப்பாடின்றி வரத் தொடங்கியதும் அதே கார்கள் ஒரே வாரத்தில் பெற்றோலுக்குத் திரும்பின. விலையும் கிடைப்பனவும் மாறினால் மக்கள் உடனே மாறுவார்கள் என்பதை நாங்கள் பொருளியல் புத்தகத்தில் படிக்க வேண்டியிருக்கவில்லை.

மீண்டும் ஒன்ராறியோவுக்கு வருவோம். 1989இல் லிபரல் அரசு அதிக எரிபொருள் குடிக்கும் புதிய கார்களுக்கு ஒரு வரி போட்டது. 1990 தேர்தலில் பொப் ரே தலைமையில் புதிய ஜனநாயகக் கட்சி ஆட்சிக்கு வந்தது. 1991இல் அதன் நிதியமைச்சர் ஃபுளொயிட் லோரன் இந்த வரியை விரிவாக்கினார். எரிபொருள் சேமிப்பு வரி என்று அதற்குப் பெயர். கொள்கை அழகானது: கூடக் குடிக்கும் காரை வாங்குபவரிடம் வரி எடுத்து, குறைவாகக் குடிக்கும் காரை வாங்குபவருக்குக் கொடுப்பது. அரசுக்கு வரவும் இல்லை, செலவும் இல்லை. கணக்காளன் என்ற முறையில் இப்படியான ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்.

நடந்தது வேறு. ஓஷவாவிலும் வின்சரிலும் பெரிய கார்களைச் செய்த தொழிலாளர்கள் தங்கள் வேலை போய்விடும் என்று எதிர்த்தார்கள். தொழிலாளர் கட்சி என்று தன்னைச் சொல்லிக்கொண்ட அரசால் அவர்களை எதிர்த்து நிற்க முடியவில்லை. முடிவில், நெடுஞ்சாலையில் 100 கிலோமீற்றருக்கு 6 லீற்றருக்குக் குறைவாகக் குடிக்கும் காருக்கு 100 டொலர் கழிவு. 6 முதல் 8.9 லீற்றர் வரையென்றால் 75 டொலர் வரி. அதற்கு மேலே போகப் போகக் கூடி, உச்சத்தில் 7,000 டொலர். சாதாரண கார்களில் மிகப் பெரும்பாலானவை அந்த 75 டொலர்ப் பெட்டிக்குள் விழுந்தன. பிக்கப் ரக் வண்டிகளுக்கு வரியே இல்லை. 20,000 டொலர்க் காரில் 75 டொலரைப் பார்த்து யார் மனம் மாறுவார்? ஆனாலும் அந்த வரி 2010 வரை, கொன்சவேற்றிவ் ஆட்சியையும் லிபரல் ஆட்சியையும் தாண்டி, பத்தொன்பது வருடம் இருந்தது. பழைய கார் விற்பனைப் பற்றுச்சீட்டு வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள். விலைக்குக் கீழே ஒரு மூலையில் அந்த 75 டொலர் இருக்கும்.

இதே காலத்தில் நகரத்தின் பஸ்களிலும் ஒரு விநோதம் நடந்தது. 1947இலிருந்து ரொறன்ரோ வீதிகளில் மேலே கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடிய ட்ரொலி பஸ்கள் 1993இல் நிறுத்தப்பட்டன. பஸ் வாங்கும் செலவில் பெரும்பங்கை மாகாணம் கொடுத்த காலம் அது. மாகாணத்தின் ஆர்வம் அப்போது இயற்கை எரிவாயு பஸ்களின் பக்கம் இருந்தது. அந்த எரிவாயு பஸ்களும் அடுத்த பத்துப் பதினைந்து வருடத்துக்குள் மறைந்தன. 2006இலிருந்து ஹைபிரிட் பஸ்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. அவற்றின் பற்றறிகள் எதிர்பார்த்த காலத்துக்கு முன்பே பழுதாகின. 2019இல் பற்றறியில் மட்டும் ஓடும் பஸ்கள் வந்தபோது பத்திரிகைகள் "மின்சார பஸ் வந்துவிட்டது" என்று எழுதின. ஒஸிங்ரன் வீதியில் நாற்பத்தைந்து வருடம் ஓடியது என்னவாம் என்று என் வயதான நண்பர் ஒருவர் கேட்டார்.

இனி ஹைபிரிட் கார்கள். 2001 மே 9ஆம் திகதி ஒன்ராறியோ நிதியமைச்சராக ஜிம் ஃபிளாகேர்ட்டி சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தோடு, ஹைபிரிட் கார் வாங்குவோர் செலுத்தும் மாகாண விற்பனை வரியில் 1,000 டொலர் வரை திரும்பக் கிடைத்தது. 2006 மார்ச் 23ஆம் திகதி டுவைற் டங்கன் அதை 2,000 டொலராக உயர்த்தினார். அன்று மாகாண விற்பனை வரி 8 வீதம். 30,000 டொலர்க் காருக்கு வரி 2,400. அதில் 2,000 திரும்பி வரும். அரசு தன் கைக்காசு எதையும் கொடுக்கவில்லை, எடுக்கவேண்டியதை எடுக்காமல் விட்டது, அவ்வளவுதான். நான் பார்த்த சலுகைகளில் மிக எளிமையானது இதுதான்: பற்றுச்சீட்டும் ஒரு படிவமும் போதும்.

2007இல் அதே ஃபிளாகேர்ட்டி ஒட்டாவாவில் மத்திய நிதியமைச்சர். மார்ச் 19ஆம் திகதி அவர் கொண்டுவந்த திட்டத்தில், 100 கிலோமீற்றருக்கு 6.5 லீற்றர் அல்லது குறைவாகக் குடிக்கும் புதிய காருக்கு 1,000 முதல் 2,000 டொலர் வரை கொடுப்பனவு. 13 லீற்றருக்கு மேல் குடிப்பவற்றுக்கு 1,000 முதல் 4,000 டொலர் வரை பசுமை வரி. கோடு போட்டால் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவனும் அந்தப் பக்கம் நிற்பவனும் இருப்பார்கள்தானே. ரொயோட்டா யாரிஸ் கோட்டுக்கு உள்ளே. ஏறக்குறைய அதே அளவான ஹொண்டா ஃபிற் மயிரிழையில் வெளியே. அதைவிட வேடிக்கை, 85 வீத எதனோலிலும் ஓடக்கூடிய வாகனங்களுக்குக் கோடு 6.5 அல்ல, 13 லீற்றர். ஓஷவாவில் செய்த பெரிய ஷெவர்லே இம்பாலா அந்த வழியால் உள்ளே வந்து 1,000 டொலர் பெற்றது. அந்த 85 வீத எதனோலைப் பொதுமக்களுக்கு விற்ற நிலையங்களை ஒன்ராறியோவில் விரல்விட்டு எண்ணலாம். அதாவது வாழ்நாள் முழுவதும் பெற்றோலிலேயே ஓடப்போகும் காருக்கு மாற்று எரிபொருள் கொடுப்பனவு.

அந்தத் திட்டம் இரண்டு வருடம்கூட நிற்கவில்லை. அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்திலேயே, 2008 டிசம்பர் 31உடன் முடிகிறது என்று அறிவித்துவிட்டார்கள். கொடுப்பனவு போனது, பசுமை வரி மட்டும் சட்டத்தில் நிலைத்தது. கொடுப்பது தற்காலிகம், எடுப்பது நிரந்தரம் என்று எங்கள் தொழிலில் ஒரு பகிடி உண்டு.

இதற்கிடையில், யாரும் கைதட்டாத ஒரு சட்டம் 2007 ஜனவரி 1ஆம் திகதி ஒன்ராறியோவில் நடைமுறைக்கு வந்தது. மாகாணத்தில் விற்கும் பெற்றோலில் சராசரியாக 5 வீதம் எதனோல் இருக்க வேண்டும். அதைத் தயாரிக்கும் ஆலைகளுக்கு உதவ 12 வருடத்துக்கு 520 மில்லியன் டொலர் நிதியும் 2005இலேயே அறிவிக்கப்பட்டிருந்தது. சார்னியா அருகே சன்கோர் நிறுவனத்தின் ஆலை 2006இல் தொடங்கியது. தென்மேற்கு ஒன்ராறியோவின் சோளம் அங்கே போயிற்று. மத்திய அரசும் 2010 டிசம்பர் 15இலிருந்து நாடு முழுவதற்கும் 5 வீதம் என்று சட்டம் செய்தது. ஒன்ராறியோ 2020இல் 10 வீதம், 2025இல் 11 வீதம் என்று ஏற்றி, 2030க்கு 15 வீதம் என்று முன்கூட்டியே எழுதி வைத்தது.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். ஸ்காபரோவில் பத்து வருடப் பழைய கொறொல்லா ஓட்டும் ஒருவர் தன்னை அறியாமலே மாற்று எரிபொருள் பாவிக்கிறார். அவர் படிவம் நிரப்பவில்லை; கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று பார்க்கவில்லை. குறைகளும் இல்லாமல் இல்லை. ஒரு லீற்றர் எதனோலில் பெற்றோலின் மூன்றில் இரண்டு பங்கு சக்திதான் இருக்கிறது. ஆகவே கொஞ்சம் கூட நிரப்பவேண்டும். உண்ணும் சோளத்தைக் காருக்கு ஊற்றுவது சரியா என்று 2008இல் உலகெங்கும் உணவு விலை ஏறியபோது பலர் கேட்டார்கள், நியாயமான கேள்வி. அதன் செலவு எந்தப் பற்றுச்சீட்டிலும் தனியாகத் தெரியாது என்பதும் எனக்கு ஒரு உறுத்தல். ஆனால் இருபது வருடத்துக்குக் கிட்ட, எந்தக் கட்சி வந்தாலும், அது நிற்கிறது. எண்ணெய் நிறுவனம், ஆலை, விவசாயி என்று மூன்று தரப்பும் அதை நம்பி முதலிட்டுவிட்டதால் அதைத் தொட யாரும் துணிவதில்லை.

இப்போது நான் வானொலியில் அவசரமாகச் சொல்லிக் கடந்த ஒரு நாளுக்கு வருகிறேன்: 2010 யூலை 1. அன்று ஒன்ராறியோவில் ஒரே நாளில் ஐந்து காரியம் நடந்தது. முதலாவது, 8 வீத மாகாண வரியும் 5 வீத மத்திய வரியும் சேர்ந்து 13 வீத எச்.எஸ்.ரி. ஆயிற்று. இரண்டாவது, ஹைபிரிட் காருக்கான விற்பனை வரி மீளளிப்பு முடிந்தது. மூன்றாவது, லோரனின் எரிபொருள் சேமிப்பு வரி ஒழிந்தது. நான்காவது, செருகி மின்னேற்றும் கார்களுக்கு 5,000 முதல் 8,500 டொலர் வரை மாகாண ஊக்கத்தொகை தொடங்கியது. முதலமைச்சர் டால்ரன் மக்கின்ரி ஒரு வருடம் முன்பே இதை அறிவித்திருந்தார். பச்சை எழுத்து இலக்கத்தகடும் வந்தது. அந்தத் தகடு உள்ளவர் தனியாகப் போனாலும் நெடுஞ்சாலையில் பலர் பயணிக்கும் வாகனங்களுக்கான தடத்தில் போகலாம்.

இந்த நான்கையும் பத்திரிகைகள் எழுதின. ஐந்தாவதைப் பெரிதாக யாரும் பேசவில்லை. தனியாரிடமிருந்து பழைய கார் வாங்குபவர் அதுவரை செலுத்திய வரி 8 வீதம்; அன்றிலிருந்து 13 வீதம். 6,000 டொலருக்கு ஒரு பழைய காரை வாங்கி, பதிவு அலுவலகத்துக்குப் போனவர் 480க்குப் பதிலாக 780 டொலர் கட்டினார். அதே நாளில் 45,000 டொலருக்கு மின்கார் வாங்கக்கூடியவருக்கு 8,500 வரை கொடுக்க மாகாணம் தயாராகியிருந்தது. இரண்டும் வெவ்வேறு அமைச்சு, வெவ்வேறு நோக்கம், ஒன்றுக்கு மற்றது காரணம் அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரே பேரேட்டில் இரண்டு பதிவுகளையும் எழுதிப் பார்த்தால் கண் உறுத்தும். எங்கள் சமூகத்தில் புதிய கார் வாங்குபவரைவிடப் பழைய கார் வாங்குபவரே கூட. அன்று அப்படி, இன்றும் பெரிதாக மாறவில்லை.

எச்.எஸ்.ரி. வந்ததில் இன்னொரு விளைவும் உண்டு. 2010க்கு முன் மாகாணம் தன் வரியைத் தானே விட்டுக்கொடுக்கலாம். அதன்பின் வரி முழுவதையும் எடுத்து, பிறகு வேறொரு நிதியிலிருந்து காசோலை எழுதவேண்டும். 50,000 டொலர் மின்காருக்கு எச்.எஸ்.ரி. 6,500. அதில் மாகாணப் பங்கு 4,000. அரசு உங்களுக்குத் தருவதில் ஒரு பெரும்பகுதி நீங்கள் சற்று முன் அதன் கையில் கொடுத்ததுதான். நோர்வே நாட்டில் 2001இலிருந்து மின்காருக்குப் பெறுமதி சேர் வரி விலக்கு இருந்தது. 2023இலிருந்துதான் விலை 500,000 குரோனருக்கு மேற்பட்ட பகுதிக்கு வரி எடுத்தார்கள். 2024இல் அங்கு விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்பது மின்கார். வரிச் சட்டத்தில் எழுதப்பட்ட விலக்கை மாற்றப் பாராளுமன்றம் போகவேண்டும். காசோலையை நிறுத்துவதற்கு ஒரு பத்திரிகைக் குறிப்புப் போதும்.

அதுதான் 2018இல் நடந்தது. 2016 பெப்ரவரியில் லிபரல் அரசு ஊக்கத்தொகையை 14,000 டொலர் வரை உயர்த்தியிருந்தது. விலையுயர்ந்த கார் வாங்கும் பணக்காரருக்கு இதைக் கொடுப்பதா என்ற கேள்வி எழுந்தது. விதிகளும் மாறி மாறி வந்தன. 2017 ஜனவரியில் தொடங்கிய கார்பன் வெளியேற்ற ஏலச் சந்தையின் வருமானத்தைக் காட்டி இதற்குப் பணம் ஒதுக்கினார்கள். 2018 யூன் தேர்தலில் டக் ஃபோர்ட் வென்றார். யூலை 3ஆம் திகதி அந்தச் சந்தை போனது. யூலை 11ஆம் திகதி ஊக்கத்தொகையும் போனது. விற்பனையாளர்களிடம் ஏற்கெனவே இருந்த அல்லது அவர்கள் ஓடர் கொடுத்திருந்த கார்களுக்கு மட்டும் செப்ரெம்பர் 10 வரை அவகாசம். ரெஸ்லா நிறுவனம் இடையில் விற்பனையாளர் இல்லாமல் நேரடியாக விற்பது. ஆகவே அதன் வாடிக்கையாளர்களுக்கு அந்த அவகாசம் இல்லை. பணம் கட்டிக் காத்திருந்தவர்கள் அந்தரத்தில் நின்றார்கள்.

ரெஸ்லா நீதிமன்றம் போனது. 2018 ஓகஸ்ட் 27ஆம் திகதி ஒன்ராறியோ உயர் நீதிமன்ற நீதிபதி பிரெடெரிக் மயர்ஸ் தீர்ப்பளித்தார். திட்டத்தை நிறுத்த அரசுக்கு உரிமை உண்டு. ஆனால் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளரை மட்டும் காரணமின்றி வெளியே தள்ளுவது தன்னிச்சையான செயல், சட்டத்துக்குப் புறம்பானது என்பது அதன் சாரம். அரசு மேன்முறையீடு செய்யாமல் அவர்களையும் சேர்த்துக்கொண்டது. இந்தத் தீர்ப்பை நான் மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வதுண்டு. ஏனென்றால் அதில் நமக்கும் ஒரு செய்தி இருக்கிறது: சலுகையைத் தொடர்ந்து தரும்படி கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. அது நிறுத்தப்படும் விதத்தில் பாகுபாடு இருந்தால் மட்டுமே கேட்கலாம்.

கியூபெக் இதை வேறு மாதிரிச் செய்தது. அங்கே 2016இலேயே, கார் நிறுவனங்கள் குறிப்பிட்ட அளவு மின்கார் விற்றே ஆகவேண்டும் என்று சட்டம் இயற்றினார்கள். ஊக்கத்தொகையும் இருந்தது, பழைய மின்கார் வாங்குவோருக்கும் அதில் ஏறக்குறைய பாதி கிடைத்தது. 2024 மார்ச்சில், 7,000 டொலர் 2025இல் 4,000 ஆகும், 2026இல் 2,000 ஆகும், 2027 ஜனவரி 1இலிருந்து இல்லை என்று மூன்று வருட அட்டவணையை முன்கூட்டியே வெளியிட்டார்கள். குறைப்பது யாருக்கும் பிடிக்காதுதான். ஆனாலும் எப்போது வாங்கலாம் என்று ஒரு குடும்பம் மேசையில் இருந்து கணக்குப் போட முடியும். ஒன்ராறியோவில் பழைய மின்காருக்கு மாகாணம் எதுவும் கொடுத்ததில்லை. பிளக்-இன் ட்ரைவ் என்ற இலாப நோக்கற்ற அமைப்புத்தான் நன்கொடைப் பணத்தில் 1,000 டொலர் கொடுத்து வந்தது.

மத்திய அரசின் அடுத்த திட்டம் 2019 மே 1ஆம் திகதி தொடங்கியது. புதிய மின்காருக்கு 5,000 டொலர், குறைந்த தூரம் மின்சாரத்தில் ஓடும் செருகு ஹைபிரிட்டுக்கு 2,500. 2025 மார்ச் 31 வரை இருக்கும் என்றார்கள். பணம் தீர்ந்து ஜனவரி 12ஆம் திகதியே நின்றுவிட்டது. இரண்டு நாள் முன்னர்தான் அறிவித்தார்கள். 2026க்குள் விற்கும் புதிய வாகனங்களில் 20 வீதம் மின்வாகனமாக இருக்கவேண்டும் என்று 2023 டிசம்பரில் எழுதிய கட்டாய விதியை, மார்க் கார்னியின் அரசு 2025 செப்ரெம்பரில் தள்ளிவைத்தது. 2026 பெப்ரவரியில் அந்த விதியையே கைவிடுவதாகவும், 5,000 டொலர் வரையான கொடுப்பனவைப் புதிதாகத் தருவதாகவும் அறிவித்தது. ஆக, 1980இலிருந்து எண்ணினால் இது எத்தனையாவது தொடக்கம் என்று எனக்கே தடுமாறுகிறது.

சொந்தத் தொழில் செய்யும் நேயர்களுக்கு ஒரு விடயம். 2019 மார்ச் 19இலிருந்து, தொழிலுக்கு வாங்கும் மின்காரின் விலையை 55,000 டொலர் வரை முதல் வருடத்திலேயே முழுவதுமாகத் தேய்மானமாகக் கழிக்கலாம் என்று விதி வந்தது. வழமையான பயணிகள் காருக்கு அப்போது உச்சவரம்பு 30,000 டொலர்தான். அதையும் வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாகவே கழிக்கலாம். ஆனால் மத்திய அரசின் 5,000 டொலர்க் கொடுப்பனவை வாங்கிய காருக்கு இந்த விரைவுக் கழிவு கிடையாது. இரண்டில் ஒன்றுதான். நல்ல இலாபம் உழைக்கும் வியாபாரி 5,000 டொலரை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் கூட மிச்சப்படுத்தியிருப்பார். கார் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. அது அவர்கள் வேலையும் அல்ல. 2019இல் எழுதும்போதே, 2023 முடிய முழுக் கழிவு, பின்பு 75 வீதம், பின்பு 55 வீதம் என்று இறங்கும் படிகளையும் அந்த விதியில் வைத்தார்கள். அவை பின்னர் திருத்தப்படலாம் என்பதால், வாங்கும் வருடத்து விதியைப் பார்த்துவிட்டுக் கையொப்பம் இடுங்கள்.

கடைசியாக ரக்சி, ஊபர் ஓட்டுபவர்கள். 2023 ஒக்ரோபரில் ரொறன்ரோ மாநகர சபை, 2030 முடிவதற்குள் நகரில் வாடகைக்கு ஓடும் வாகனங்கள் எல்லாம் புகை வெளியிடாதவையாக மாறவேண்டும் என்று தீர்மானித்தது. நாளுக்கு 300 கிலோமீற்றர் ஓடுபவருக்கு மின்சாரம் இலாபம்தான், அதை மறுப்பதற்கில்லை. ஒன்ராறியோவின் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2014இல் மூடப்பட்டதால் அந்த மின்சாரமும் முன்னரைவிடச் சுத்தமானது. 2023 மே மாதம் அறிமுகமான இரவு நேரக் கட்டணத்தில், இரவு 11 முதல் காலை 7 வரை ஓர் அலகு அப்போது 2.4 சதமாக இருந்தது. ஆனால் அந்த விலை யாருக்கு? சொந்த மின்மானியும், கார் நிற்கும் இடத்தில் செருகியும் இருப்பவருக்கு.

2018 ஜனவரி 1இலிருந்து ஒன்ராறியோவின் கட்டிட விதிகள், புதிய வீடுகளில் மின்கார் ஏற்றுவதற்கான குழாயையும் இடத்தையும் விட்டுக் கட்டும்படி சொன்னன. கட்டும்போது செய்தால் சொற்பச் செலவு. பிறகு சீமெந்தை உடைத்துச் செய்தால் பல மடங்கு. 2019 மே மாதம் மாகாணம் அந்த விதியை நீக்கியது. ரொறன்ரோ மாநகரம் 2022 மே மாதத்திலிருந்து தன்னுடைய பசுமைத் தர விதிகளில், புதிய குடியிருப்புகளின் தரிப்பிடங்களில் மின்னேற்ற வசதி வேண்டும் என்று கேட்கத் தொடங்கியது. இவை எல்லாம் புதிய கட்டிடங்களுக்கு. மார்க்கம் வீதியிலும் எக்ளிங்டனிலும் 1960களிலும் எழுபதுகளிலும் கட்டிய மாடிக் குடியிருப்புகளில் வாடகைக்கு இருந்துகொண்டு, இரவு இரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்து காரை நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் விடும் ஓட்டுநருக்கு, மேலே நான் எழுதிய ஒரு திட்டமும் அந்தச் சுவரில் ஒரு செருகியைக் கொண்டுவந்து தரவில்லை.